நக்வாவின் கம்ப்யூட்டர் அணைந்துகொண்டே இருந்த மாதம்

மன்சூரா நகரத்தின் துரைல் பகுதியில், கல்யாணம் நிச்சயமான பெண்கள் மோதிரம் வாங்கிய கையோடு ஏறுகிற மாடிப்படி ஒன்று உண்டு. அது மதாம் நக்வாவின் வீட்டுப் படி. நக்வா மணப்பெண்களுக்குச் சமையலறை வரைந்து கொடுப்பவள். அலுமினிய அலமாரி செய்கிற பட்டறைக்காரர்கள் சுவரின் அளவை எடுத்து அனுப்புவார்கள். அவள் அதைக் கம்ப்யூட்டரில் படமாக்குவாள். அடுப்பு எங்கே, குழாய் எங்கே, கதவு என்ன நிறம் என்று எல்லாம் திரையில் நிஜம் போலவே தெரியும். மணப்பெண் வாயைப் பிளப்பாள். பெண்ணின் அம்மா, "ஃப்ரிட்ஜ் பெருசா வரும், இடம் விடும்மா" என்பாள். மாப்பிள்ளையின் அம்மா, "இத்தனை அலமாரி எதுக்கு? மளிகைக் கடையா வைக்கப் போறா?" என்பாள். நக்வா இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தான் நினைத்ததையே வரைவாள்.

ஊருக்கெல்லாம் சமையலறை வரைகிறவளின் சொந்தச் சமையலறையில் ஒரு ஆளுக்குத்தான் சமையல். கல்யாணமான நாலாம் மாதமே கணவன் இஸ்ஸத் குவைத்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறையில் வருவான். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. பிள்ளை இல்லை. எங்கள் ஊரில் பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது வாய்க்காததால் மரியாதையாக 'மதாம்' என்றார்கள். அந்த மரியாதை அவளுக்கு முள்ளாகக் குத்தும்.

எதிர் வீட்டு ஸூஸன் மட்டும் மரியாதையெல்லாம் பார்க்க மாட்டாள். யாராவது படிக்கட்டில் நின்று, "நக்வாவுக்கு ஏன் இன்னும் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டால், "ஏண்டி, பிள்ளை என்ன பார்சல்லயா வரும்?" என்று கேட்டவளின் வாயை அடைத்துவிடுவாள்.

இஸ்ஸத் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏதாவது சுமந்து வருவான். மிக்ஸி, டி.வி., பீங்கான் செட், மெத்தை. வந்த பொருள் எதுவும் அந்த வீட்டில் உறை கழன்றதில்லை. புதுசைப் பிரிக்க எங்கள் ஜனங்களுக்குக் கை வராது. டி.வி. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்து எழுத்து அழிந்து போகும். சோஃபாவில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் கிறீச்சிடும், கோடையில் தொடையில் ஒட்டும். இருந்தாலும் பிரிக்க மாட்டோம். பிரித்தால் பழசாகிவிடுமாம். நக்வாவின் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. "நான் ஒரேயடியா வந்தப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று முதல் விடுமுறையிலேயே இஸ்ஸத் சொல்லியிருந்தான்.

அந்த 'ஒரேயடியாக' இந்த வருடம்தான் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தல்காவில் பெரிய குடியிருப்பு ஒன்று எழும்பியது. அதன் சமையலறைகள் முழுவதும் பட்டறைக்காரர் ஹாஜி தஸூகிக்குக் கிடைத்தன. அவர் நக்வாவைக் கூப்பிட்டு, "மகளே, மாதிரிப் படங்களை அடுத்த மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் குடு. பிடிச்சிருந்தா முழு வேலையும் உன்னோடதுதான். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம்" என்றார்.

நக்வா ஃபோனில் இதைச் சொன்னபோது இஸ்ஸத் விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய ஒப்பந்தமும் அதே மாதம்தான் முடிகிறது. தொடர்வதா, விலகுவதா என்று மாதக் கடைசியில் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். "அந்த வேலை உனக்குக் கிடைச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கே வந்துடறேன்" என்றான். இதைக் கேட்ட நக்வா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய் பாத்திரத்தையே கரியாக்கினாள்.

ஆனால் அவளுடைய கம்ப்யூட்டர் கிழட்டுக் கழுதை. வரைந்ததை நிஜம் போன்ற படமாக மாற்றுகிற கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். ஒரு ரெண்டர் முடிவதற்குள் அவரைக்காய்ப் பருப்பு வெந்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிடலாம். அதனால் இஸ்ஸத் இந்தத் தடவை மிக்ஸி வாங்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மூளையான புதிய ப்ராசஸரும், அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ள முஷ்டி அளவுக்குப் பெரிய கூலரும் வாங்கி வந்தான். குவைத்துக்குத் திரும்புவதற்கு முந்திய நாள், ஜும்மா தொழுகை முடிந்து வந்து, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தானே மாட்டினான்.

அந்த ஒரு பகலை நினைத்துத்தான் நக்வா பிறகு ஏங்கினாள். அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூக்களை வாயில் கவ்விக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் டார்ச் பிடித்தாள்.

"லைட்டை எங்கடி பிடிக்கிற? எனக்கா, என் மூக்குக்கா?"

"உன் மூக்கு குறுக்க வந்தா நான் என்ன பண்றது?"

"ஸ்க்ரூ ஒண்ணு எங்க போச்சு? உன் பாவாடையில பாரு."

"என் பாவாடையில தேடறதுக்கு உனக்கு வேற சாக்கே கிடைக்கலையா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். விடுமுறையில் வந்தால் அவர்கள் பதவிசாகத்தான் இருப்பார்கள். சண்டை போட்டு மாதத்தை வீணாக்க மனசு வராது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்த புருஷன் பெண்சாதி மாதிரி வெடுக்கென்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அது தேனாக இனித்தது. மறுநாள் அவன் போய்விட்டான்.

அவன் போன மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் வேலையைக் காட்டியது. ரெண்டர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை, உயிர் போன மாதிரி போயிற்று. மறுபடி போட்டாள். வந்தது. கோடு வரையும்போது சமர்த்தாக இருந்தது. ரெண்டர் என்று கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "கண்ணுதாண்டி! புதுசா வாங்கினதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சா வேற என்ன ஆகும்?" என்று ஸூஸன் திருஷ்டி கழிய ஒரு நீல மணியைக் கொண்டுவந்து பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள். சாம்பிராணியும் காட்டினாள். புகை உள்ளே போய் இரண்டு பேரும் தும்மியதுதான் மிச்சம். அன்று ரெண்டர் பார்க்க வந்த மணப்பெண்ணுக்கு முன்னால் திரை கறுத்தது. மாப்பிள்ளையின் அம்மா, "சகுனமே சரியில்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினாள்.

இஸ்ஸத் ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். ரேமைக் கழற்றி மாட்டச் சொன்னான், மாட்டினாள். ஃப்ரிட்ஜ் இருக்கிற பிளக்கை விட்டு வேறு பிளக்கில் போடச் சொன்னான், போட்டாள். விண்டோஸைத் துடைத்துப் புதிதாக ஏற்றச் சொன்னான். அதற்கு ஒரு முழு நாள் போயிற்று. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

"இப்பவும் அணைஞ்சு போச்சு, இஸ்ஸத்."

"அப்படியா? சரி, சரி. பரவாயில்ல விடு. மனசைப் போட்டு உழப்பிக்காத."

நக்வா ஃபோனை வைத்துவிட்டு யோசித்தாள். பதறுவான் என்று நினைத்தாள், அவன் பதறவில்லை. காசு போட்டு வாங்கிய பொருள் இப்படிச் செய்தால் திட்டுகிற ஆள், திட்டவும் இல்லை. குரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. தூரத்தில் இருக்கிறவன், தன்னைத் தேற்றுவதற்காக அப்படிப் பேசுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாதம் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் வகீஹ் என்பவனுடைய கடைக்குப் போனாள். எங்கள் ஊரில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவனெல்லாம் 'பாஷ்முஹந்திஸ்', அதாவது தலைமை எஞ்சினியர். வகீஹ் கணக்கு வாத்தியாராக இருந்து, வகுப்பில் பிள்ளைகளைச் சமாளிக்க முடியாமல் கடை வைத்தவன். பொறுமையான மனிதன்தான், ஆனால் கொஞ்சம் சோம்பல்.

"பவர் சப்ளை பழசு, மதாம். புது ப்ராசஸருக்குத் தீனி பத்தல" என்று அதை மாற்றினான். பிறகு போட்டு, ஒரு பாட்டை ஓடவிட்டு, தேநீர் வரவழைத்து, குடித்து முடிக்கிறவரை பார்த்தான். கம்ப்யூட்டர் குழந்தை மாதிரி இருந்தது.

"பாட்டுப் போட்டா அது அணையாது, பாஷ்முஹந்திஸ். ரெண்டர் குடுத்தாத்தான் அணையும்."

"வீட்டுக்குப் போய்க் குடுத்துப் பாருங்க. இன்ஷா அல்லாஹ் ஓடும்."

வீட்டில் அணைந்தது. மறுநாள் மறுபடி தூக்கிக்கொண்டு போனாள். வகீஹ் தலையைச் சொறிந்தான்.

"அப்ப சூடுதான், மதாம். கூலரைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"அதை மட்டும் தொடாதீங்க."

"ஏன்?"

நக்வாவுக்கு முகம் சிவந்தது. "என் வீட்டுக்காரர் மாட்டினது" என்றாள்.

"வீட்டுக்காரர் மாட்டினா ஸ்க்ரூ கழலாதா?"

"கழலும். கழட்ட வேணாம்."

இது அசட்டுப் பிடிவாதம்தான், மறுப்பதற்கில்லை. அவனை வரவழைப்பதற்கு இந்தப் பெட்டி ஓட வேண்டும். பெட்டி ஓடுவதற்கு அவன் கை பட்டதைக் கலைக்க வேண்டும். அந்த நாலு ஸ்க்ரூவையும் அவன் ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து முறுக்கியதை அவள் பார்த்திருக்கிறாள். வேறு ஒரு ஆம்பளை அதைத் திருகிக் கழற்றுவதை அவளால் நின்று பார்க்க முடியாது. இப்படிப்பட்டவளோடு எந்த எஞ்சினியர் வாதாட முடியும்? வகீஹ், சூட்டைத் திரையில் காட்டுகிற புரோகிராம் ஒன்றை மட்டும் ஏற்றிக் கொடுத்தான். "எவ்வளவு ஏறுதுன்னு நீங்களே பாருங்க. அப்புறமா மனசு மாறினா வாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ஹாஜி தஸூகியின் ஃபோன் வந்தது. "மகளே, படம் வருமா வராதா? வராதுன்னா சொல்லிடு, சமன்னூத்ல ஒரு பையன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துடறேன். நாளன்னிக்கு குடியிருப்புக்காரங்க வந்து உக்காந்துடுவாங்க."

"வரும், ஹாஜி."

"வரும்னா, வாயில வருமா, கையில வருமா?"

நக்வா ஃபோனை வைத்தாள். அழுகை வந்தது. அதை அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, ரெண்டர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள். திரையில் எண் ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. கூலரின் விசிறி தலைதெறிக்கச் சுற்றியது. அவள் விரலை நீட்டிக் கூலரின் தகடுகளைத் தொட்டாள். சுடும் என்று தயாராகத்தான் தொட்டாள். சுடவில்லை. கைக்குழந்தைக்குக் கலக்கிய பால் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. எண் நூறைத் தொட்டது, கம்ப்யூட்டர் அணைந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பு எரிகிறது, மேலே வைத்த சட்டி சுடவில்லை. அப்படியென்றால் அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. சமையலறையிலேயே ஆயுளைக் கழிக்கிறவளுக்கு இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் படிப்பு தேவையில்லை.

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.  நாலையும் கழற்றி, கூலரைப் பிடித்து மெதுவாகத் திருகித் தூக்கினாள். அடிப்பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. சூடு கடப்பதற்காகத் தடவிய வெள்ளைப் பேஸ்ட் அதன்மேல் அப்பியிருந்தது. ஒரு ஓரத்தைத் துணியால் துடைத்தாள். அங்கே ஏதோ நகத்தில் இடறியது. இழுத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று சர்ரென்று உரிந்து வந்தது. பொருத்துவதற்கு முன் பிரிக்கவும் என்று அதில் சிவப்பாக எழுதியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில், பேஸ்ட் பட்ட இஸ்ஸத்தின் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரெல்லாம் கட்டடங்களைக் குளிரவைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன், ஒரு கூலரை உறையைப் பிரிக்காமல் மாட்டியிருக்கிறான்! சிரிப்பு நின்ற பிறகு, அந்தச் சிவப்பு எழுத்தை இன்னொரு தரம் பார்த்தாள். இது கண்ணில் படாமல் இருக்க முடியாது. பஞ்சு மாதிரி மெத்தென்று ஒலித்த அவன் குரல் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டுமென்றேதான் விட்டிருப்பானோ?

அதை அப்புறம் யோசிக்கலாம் என்று ஒதுக்கினாள். கூலர் வந்த அட்டைப்பெட்டியில் மிச்சப் பேஸ்ட் இருந்தது. புதிதாகத் தடவி, நாலு ஸ்க்ரூவையும் தானே முறுக்கினாள். ரெண்டர் கொடுத்தாள். எண் அறுபதில் போய் நின்றது, அதற்குமேல் அசையவில்லை. முதல் படம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ஹாஜி தஸூகியின் மேஜையில் படங்கள் இருந்தன. குடியிருப்புக்காரர்கள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துவிட்டு, யார் வரைந்தது என்று கேட்டார்கள். "என் மகள்" என்றார் ஹாஜி, கொஞ்சமும் கூசாமல். வேலை அவளுக்கே கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் ஃபோன் போட்டாள். மறுநாள் காலையில் இஸ்ஸத் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு. வேலையும் கிடைச்சுடுச்சு."

 "சரியாயிடுச்சா?" என்று கேட்டான். துக்கச் செய்தி கேட்டவன் போலக் கேட்டான். "யாரு சரி பண்ணினது?"

"நான்தான். கூலருக்கு அடியில பிளாஸ்டிக் தாளை அப்படியே விட்டுட்ட."

"ஓ."

"ஓவா? உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"பாத்தேன். எழுத்தையும் பாத்தேன். கார் சீட்டுலயும்தான் அப்படி எழுதியிருக்கு, யாரு பிரிக்கிறாங்க? பளபளன்னு இருந்துச்சு, கீறல் விழுமேன்னு விட்டேன். அது இப்படிப் பண்ணும்னு எனக்கு என்ன தெரியும்?"

"இஸ்ஸத், என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறதா நினைச்சுக்கிட்டுச் சொல்லு. வேணும்னேதான் விட்டியா?"

"இல்ல. அல்லாஹ் சத்தியமா இல்ல." என்றான். "ஆனா ஒண்ணு சொல்லணும். நீ ஒவ்வொரு தடவையும் அணைஞ்சு போச்சுன்னு சொல்றப்ப, எனக்கு மூச்சு லேசாச்சு."

நக்வா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து வருடமாகச் சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் தொண்டைக்கு வந்தது. காத்திருந்தவள் நான், பெருநாளுக்குத் தனியாகத் தின்றவள் நான், உனக்கு மூச்சு லேசாகிறதா? கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் பேசினான்.

"பயமா இருக்கு, நக்வா. அந்த வீட்டுல டம்ளர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. தண்ணி வேணும்னா உன்னைத்தான் கேக்கணும். நான் வந்தா வாத்து அறுக்கற, நல்ல தட்டு எடுக்கற. மளிகைக்காரன் எழுந்து நின்னு சலாம் சொல்றான். ஒரு மாசம் நான் உன் வீட்டு விருந்தாளி. அதுக்கப்புறம் எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல. எங்க உக்கார்றதுன்னே தெரியல. நீ சலிச்சுப் போயிட்டா நான் எங்க போவேன்?"

இவ்வளவு நாளும், ஏங்குவது தான் ஒருத்தி மட்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அவனும் இந்த வீட்டுக்காக ஏங்கியிருக்கிறான். ஏங்கி ஏங்கியே அதன் வாசலில் கால் வைக்கப் பயந்து போயிருக்கிறான். கேட்க வந்த கேள்வியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன்மேல் இரக்கமும் கோபமும் ஆசையும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

"விருந்தாளின்னா மூணு நாள்தான், இஸ்ஸத்" என்றாள். "நாலாம் நாள் காலையில நீதான் குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போடணும். நான் எழுந்திருக்க மாட்டேன்."

 அவன் அறையில் யாரோ இருமுவது கேட்டது. நக்வா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"குப்பைக்காரன் எத்தனை மணிக்கு வருவான்?" என்று கேட்டான் இஸ்ஸத்.

"ஏழு மணிக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.